அத்தியாயம் 7: இருக்கிற காரையே இன்னும் ஐந்தாண்டு ஓட்டுவது எப்படி?

பன்னிரண்டு வயதான காருக்கு 38,600 ரூபாய் என்று சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு எஸ்டிமேட் வந்து சேர்கிறது. உடனே வீட்டில் எழும் முதல் பேச்சு, "வண்டியே ஒன்றேகால் லட்சம்தான் போகும், அதுக்குப் போய் இவ்வளவா?" என்பதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. வண்டியின் சந்தை விலை, விற்கப் போகிறவருக்கு வேண்டிய எண். ஓட்டப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பணத்தைப் போட்டால் வண்டி இன்னும் எத்தனை மாதம் நிம்மதியாக ஓடும்? அத்தனை மாதத்துக்குப் புதுக் கார் வைத்திருந்தால் எவ்வளவு ஆகும்?

இந்த அத்தியாயம் பத்து முதல் பதினெட்டு வயதுவரையுள்ள பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 போல, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மெக்கானிக்கும் உதிரிபாகமும் கிடைக்கிற வண்டிகள். பழைய கார் தானாகவே சிக்கனமாகிவிடாது. எதை இன்றே செய்வது, எதைத் தள்ளிப் போடுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று பிரிக்கத் தெரிந்தவருக்கே அது லாபம்.

1. முதலில் கணக்கு

7 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு புதுச் சிறிய காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம்வரை விலையுள்ள கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 13 சதவீதம். அதுவே 91,000 ரூபாய். இன்ஷூரன்ஸும் மற்ற கட்டணங்களும் சேர்ந்து, வண்டி ரோட்டுக்கு வரும்போது எட்டேகால் லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து 2.25 லட்சம் போட்டு, மீதி 6 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 12,455 ரூபாய். ஐந்தாண்டில் தவணையாக மட்டும் ஏறக்குறைய 7.47 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

முழுச் செலவு:

- முன்பணம் 2.25 லட்சம், தவணை 7.47 லட்சம்: மொத்தம் 9.72 லட்சம்
- ஐந்தாண்டு சர்வீஸ், இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு: சுமார் 1 லட்சம்
- கழிவு: பழைய காரை இப்போது விற்றால் வரும் 1.25 லட்சம்
- கழிவு: ஐந்தாண்டு கழித்துப் புதுக் காரை விற்றால் வரக்கூடிய சுமார் 3.5 லட்சம்

கடைசியில் நிற்பது ஏறக்குறைய 6 லட்சம். ஆண்டுக்கு 1.2 லட்சம். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். அத்தியாயத்தின் முடிவில் இது மறுபடி வேண்டும்.

பழைய கார் பக்கம் வருவோம். ஆண்டுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு வழக்கமான சர்வீஸ் 10,000 ரூபாய். டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. என்று எப்போதாவது வரும் பெரிய செலவுகளைச் சராசரியாக்கினால் ஆண்டுக்கு 30,000. இன்ஷூரன்ஸுக்கு 5,000. ஆக 45,000 ரூபாய். உங்கள் ஊர் விலைக்கும் உங்கள் வண்டிக்கும் ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்; கணக்குப் போடும் முறை மாறாது.

அந்த 45,000 ரூபாய் மாதாமாதம் சீராக வராது என்பதுதான் சிக்கல். எட்டு மாதம் ஒன்றுமே இருக்காது. ஒன்பதாம் மாதம் கிளட்சும் டயரும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த மாத எரிச்சலில்தான் பலர் ஷோரூம் வாசலை மிதிக்கிறார்கள். இதற்கு வழி, காருக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. மாதம் 4,000 ரூபாய், சம்பளம் வந்த மறுநாளே அதில் போய் விழ வேண்டும். ரிப்பேர் வந்தால் அதிலிருந்து மட்டும் எடுங்கள்.

2. வண்டியின் இன்றைய நிலை

ஐந்தாண்டுத் திட்டம் போடுமுன் ஒருமுறை முழுச் சோதனை தேவை. சர்வீஸுக்கு விடும்போது சேர்த்துச் செய்யாமல், இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்ப்பது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், ஸ்கேனர் போட்டுப் பதிவான பிழைகளைப் படிப்பது, பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சோதிப்பது: இந்த நான்கும் அவசியம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் என்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டும். ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

நீங்களே வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இரவு வண்டியை நிறுத்தியதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து என்ஜினுக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

- கறுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். சொட்டு சிறிதென்றால் அவசரமில்லை; வாராவாரம் டிப் ஸ்டிக் பார்த்தால் போதும்.
- பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறமாக இருந்தால் கூலன்ட். அந்த வாரமே பார்க்க வேண்டும்.
- சிவந்த எண்ணெய் என்றால் பெரும்பாலும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் ஆயில்.
- சக்கரத்தின் உள்பக்கம் இளமஞ்சளாக ஒழுகியிருந்தால் பிரேக் ஆயில். வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.
- வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. விட்டது. கவலை வேண்டாம்.

3. மூன்று பட்டியல்

சோதனை முடிந்து வரும் குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்.

*இன்றே:* பிரேக், ஸ்டீயரிங், டயர், கூலன்ட் கசிவு, பெட்ரோல் வாடை, விளக்குகள். இவற்றில் பேரம் கிடையாது.

*திட்டமிட்டு:* கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏ.சி., என்ஜின் மவுண்டிங், சின்ன ஆயில் கசிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் குறித்து வைத்து, சேமிப்புக் கணக்கிலிருந்து வரிசையாகச் செய்யுங்கள்.

*விட்டுவிட:* பம்பர் கீறல், மங்கிய பெயிண்ட், டாஷ்போர்டில் எங்கோ வரும் கிறீச் சத்தம், பழைய மியூசிக் சிஸ்டம். இவை உங்கள் கண்ணைத்தான் உறுத்தும், வண்டியை நிறுத்தாது.

முதலில் சொன்ன 38,600 ரூபாய் எஸ்டிமேட்டை இப்படிப் பிரித்துப் பார்ப்போம். முன் டிஸ்க் பேட் 2,200, இரண்டு லோயர் ஆர்ம் 4,800, கூலன்ட்டும் ஹோஸ்களும் 2,600: இந்த 9,600 இன்றே போக வேண்டிய பணம். முன் ஷாக் அப்சார்பர் ஜோடி 7,400, கிளட்ச் செட் 8,500, ஏ.சி. கண்டென்சர் 6,200: இந்த 22,100-ஐ ஆறேழு மாதத்தில் பரப்பலாம். மிச்சம் என்ன? என்ஜின் ஃப்ளஷ் 900, இன்ஜெக்டர் கிளீனிங் 1,500, ஏ.சி. கிருமிநீக்கம் 1,200, இன்டீரியர் பாலிஷ் 3,300. இந்த 6,900 ரூபாயில், வண்டியில் ஒரு தொந்தரவும் தெரியாதபோது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மலைக்க வைத்த எஸ்டிமேட், இந்த மாதத்துக்கு 9,600 ரூபாய் வேலையாகச் சுருங்கிவிட்டது.

4. சூடுதான் முதல் எதிரி

நம் வெயிலில் பழைய என்ஜின் சாவது பெரும்பாலும் ஓவர்ஹீட் ஆகித்தான். இந்தக் கார்களின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் அது வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய்விடும். அதன் பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்தில் சமன்செய்து மாட்டும் செலவில், கூலிங் சிஸ்டம் முழுவதையும் புதுசாக்கிவிடலாம்.

எனவே இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். உள்ளே துரு பிடித்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். நிறுவனம் சொன்ன வகைக் கூலன்ட்டை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க வடித்து மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை என்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், பஞ்சாக அமுங்கினாலும், கிளிப் போட்ட இடத்தில் உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும். ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறதா என்று வண்டியை நிறுத்தி ஓடவிட்டுப் பாருங்கள்.

"தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டுட்டா சூடே ஏறாது" என்று ஒரு கைவைத்தியம் பட்டறைகளில் உலவுகிறது. ஒப்புக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின், வேண்டிய சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும், பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடேறும் உண்மைக் காரணம் அப்படியே ஒளிந்திருக்கும்.

ரோட்டில் போகும்போது முள் மேலே ஏறினால்: ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். என்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இறங்கும். ஓரம்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். முழுக்க ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். "ஊர் இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிப் போவதுதான் என்ஜினை முடித்துவிடும்.

5. ஆயில், பெல்ட், கிளட்ச்

என்ஜின் ஆயிலை 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது ஃபில்டரோடு மாற்றுங்கள். குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் ஓராண்டு விதி முக்கியம். எந்த கிரேடு என்பதை ஓனர்ஸ் மேனுவல் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கி, மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஏற்காடு, கொடைக்கானல் என்று குடும்பத்தோடு ஏறுகிறவர்கள் இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

உங்கள் என்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா, டைமிங் செயினா என்பதைத் தெரிந்து வையுங்கள். ஆல்ட்டோவின் 796 சி.சி. என்ஜின், பழைய சான்ட்ரோ, ஐ10-இன் 1.1 லிட்டர், 2010-க்கு முந்தைய 1.3 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஆகியவற்றில் பெல்ட். மாருதியின் கே-சீரிஸ் என்ஜின்களிலும் ஹூண்டாயின் 1.2 கப்பா என்ஜினிலும் செயின். செயினுக்குத் தவணை கிடையாது. ஆயில் ஒழுங்காக மாற்றினால் நெடுங்காலம் வரும். பெல்ட் அப்படியல்ல. அறுந்து போகுமுன் அது சத்தம் கொடுத்து எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். பழைய கார் வாங்கியவருக்கு முந்தைய ஓனர் எப்போது மாற்றினார் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், பக்கத்திலுள்ள ஆயில் சீல்களையும் சேர்த்துப் பாருங்கள். பிரித்து மாட்டும் கூலி ஒன்றுதான்.

கிளட்ச் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும் என்பது ஓட்டுகிறவர் காலில் இருக்கிறது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்பதும், மேட்டில் பிரேக்குக்குப் பதில் அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்குவதும் அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

6. ரப்பரும் டயரும்

வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் 'டக் டக்' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நகரும்போது 'கட கட' என்றால் டிரைவ் ஆக்சில் ஜாயிண்ட்.

ஆக்சில் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டில் ஒரு சின்ன வெடிப்பு விழுகிறது. உள்ளிருக்கும் கிரீஸ் தெறித்து, சக்கரத்தின் உள்விளிம்பில் கறுப்பாக அப்பியிருக்கும். அந்த நிலையில் பார்த்தால் பூட் மாற்றிக் கிரீஸ் போடச் சில நூறு ரூபாய்தான், கூலி தனி. கவனிக்காமல் விட்டால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் ஜாயிண்ட் அரைபட்டு, ஆக்சிலே மாற்ற வேண்டி வரும். பழைய கார் பராமரிப்பு முழுக்க இப்படித்தான்: சில நூறு ரூபாயில் முடிவது, விட்டால் ஆயிரங்களில் வந்து நிற்கும்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. கட்டை நிறைய இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் வெடிப்புக்காகச் சோதிக்க வேண்டும். பத்து வயதை எட்டவே விடக் கூடாது. பள்ளங்களுக்குள்ளே இருக்கும் குறியீட்டு மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள்; பல வண்டிகளில் அது கம்பெனியோடு வந்த டயராகவே கிடக்கும்.

7. துரு

என்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். பாடி அரித்துப் போனால் ஒன்றும் செய்வதற்கில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் குடியிருப்பவர்களும், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களும் இதை இரட்டிப்புக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். மண் அடைத்தால் மழைநீர் கதவுக்குள்ளேயே நின்று அரிக்கும். ஒரு துடைப்பக் குச்சியால் குத்திவிட்டால் போதும். முன்கண்ணாடிக்குக் கீழே சேரும் வேப்பிலைச் சருகையும் வாரிவிடுங்கள். தரைக் கார்ப்பெட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

கதவுக்குக் கீழுள்ள ரன்னிங் போர்டை ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். 'தொப்' என்று சத்தம் மங்கும் இடத்தில் ஒன்று துரு இருக்கும், அல்லது யாரோ பட்டி வைத்து மறைத்திருப்பார்கள். துருவைச் சுரண்டாமல் மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஓராண்டில் கொப்புளமாக வெளியே வரும். அரித்த தகட்டை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்து, பிறகு பெயிண்ட் அடிக்கும் டிங்கரைத் தேடிப் பிடியுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எக்காரணத்துக்கும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், செல்ஃப் அடித்த நொடியில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். டோ செய்து பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

8. இ20 பெட்ரோல்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்கள் அதற்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இத்தகைய நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் என்று மதிப்பிட்டது. நீங்கள் செய்யக்கூடியவை: பெட்ரோல் ஹோஸ்களையும் ரப்பர் வாஷர்களையும் சர்வீஸ்தோறும் பார்த்து, வெடித்தவற்றை மாற்றுவது, ஃப்யூயல் ஃபில்டரைக் காலம் தவறாமல் மாற்றுவது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திப் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஓட்டுகிறவர்கள், ஊரிலிருக்கும் யாரிடமாவது சொல்லி வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டராவது ஓடவிடுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது.

9. மெக்கானிக்கும் உதிரிபாகமும்

வாரன்டி முடிந்த வண்டிக்கு அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் கட்டாயமில்லை. உங்கள் மாடலை அதிகம் பார்க்கிற ஒரு மெக்கானிக், தனியாக ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஒரு ஏ.சி. ஆள், ஒரு டிங்கர்: இந்த நால்வர் போதும். ஆள் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வண்டியின் வரலாறு தெரிந்தவர் தேவையில்லாமல் பிரிக்க மாட்டார். வண்டியை விடும்போது தெளிவாகச் சொல்லிவிடுங்கள்:

"அண்ணே, எது இப்பவே செய்யணும், எது மூணு மாசம் தாங்கும்னு பிரிச்சு எழுதிக் கொடுங்க. எழுதினதுக்கு மேல ஏதாச்சும் இருந்தா போன் பண்ணிட்டுப் பிரிங்க. கழட்டின பார்ட்டெல்லாம் டிக்கியிலேயே போட்டிருங்க."

பழைய பார்ட்டைக் கேட்பது சந்தேகம் ஆகாது. தேய்ந்த பேட், வெடித்த புஷ் எப்படி இருக்கும் என்று கையில் வைத்துப் பார்த்தால், அடுத்த முறை நீங்களே சொல்வீர்கள்.

உதிரிபாகங்களில் கம்பெனி பெட்டியில் வரும் ஜெனுவின் பார்ட், அதே தரத்தில் தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில் விற்கும் பார்ட், பெயர் தெரியாத லோக்கல் பார்ட், கழற்றி விற்கும் பழைய பார்ட் என்று நான்கு வகை. கார் கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டருக்கு லூகாஸ் டி.வி.எஸ்., ஸ்டீயரிங் பாகங்களுக்கு ரானே, பிரேக் பாகங்களுக்கு பிரேக்ஸ் இந்தியா என்று சென்னையைச் சேர்ந்த நிறுவனங்களே கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்கின்றன. இத்தகைய பெயருள்ள பார்ட்டைப் பில் போட்டு வாங்குவது பல நேரம் விலைக்கும் தரத்துக்கும் நடுவில் நல்ல இடம்.

கதவுக் கைப்பிடி, சைடு மிரர், டெயில் லாம்ப், சீட், கண்ணாடி போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பார்ட் சந்தைகள் கைகொடுக்கும். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர், சீட் பெல்ட் ஆகியவற்றை மட்டும் ஒருநாளும் பழையதாக வாங்காதீர்கள்.

ஏ.சி. கேஸ் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டிய பொருள் இல்லை. போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லையென்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் மறுபடி கேஸ் நிரப்பச் சொல்லாதீர்கள்.

10. ஆவணங்கள்

சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் 15 வயதான பெட்ரோல் கார்களுக்கும் 10 வயதான டீசல் கார்களுக்கும் விதிக்கப்பட்ட தடையை நினைத்து இங்கே பலர் பயந்து விற்கிறார்கள். அப்படி ஒரு வயதுத் தடை தமிழ்நாட்டில் இல்லை.

புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். 20 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் இது 10,000 ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. ஆர்.சி. முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் மாதக்கணக்கில் கூடுதல் கட்டணம் ஏறும். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 1,000 சி.சி.வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி.வரை 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. முழுக் காப்பீடு எடுப்பதா என்பது வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. க்ளெய்மில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி போன்றவற்றுக்குப் பாதித் தொகையைக் கழிப்பார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஓட்டுகிறவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

11. எப்போது கைவிடுவது?

பழைய காரால் ஈடுகட்ட முடியாத ஒன்று பாதுகாப்பு. எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்னால் இரண்டு ஏர்பேக் கட்டாயமானது 2022 ஜனவரியில். அதற்கு முந்தைய வண்டிகளின் அடிப்படை மாடல்கள் பலவற்றில் இரண்டும் இருக்காது. எவ்வளவு பராமரித்தாலும் அவற்றைப் பிறகு பொருத்த முடியாது. ஊருக்குள் நாற்பதில் ஓடும் வண்டிக்கு இது ஒரு குறை. வாராவாரம் குழந்தைகளோடு சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் நூறில் ஓடும் குடும்பத்துக்கு இதுவே முடிவெடுக்கப் போதுமான காரணம். கணக்குப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மற்ற காரணங்கள்:

- சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ சேஸிஸிலோ துரு.
- கம்ப்ரஷன் குறைந்து நீலப் புகை; அத்துடன் கியர்பாக்ஸ், ஏ.சி. இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிடுவது.
- உதிரிபாகமே கிடைக்காத நிலை. 2017-இல் விற்பனையை நிறுத்திய செவர்லே, 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டு வண்டிகளை வைத்திருப்பவர்கள் தங்கள் மாடலுக்குப் பாகம் கிடைக்கிறதா என்று ஆண்டுதோறும் விசாரிப்பது நல்லது.

விற்றால் பெயர் மாற்றம் முடியும்வரை பின்தொடருங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டியால் வரும் வழக்கும் உங்களைத் தேடித்தான் வரும். உடைக்கக் கொடுப்பதென்றால் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் மட்டும் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள்.

12. ஆண்டு அட்டவணை

*ஜனவரி:* ஆண்டுச் சர்வீஸ். ஆயில், ஃபில்டர்கள், பிரேக் சோதனை. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுதல்.

*மார்ச்:* வெயிலுக்கு முன் கூலன்ட், ஹோஸ், ஃபேன், பேட்டரி, ஏ.சி.

*ஜூன்:* வீல் அலைன்மென்ட், டயர் இடமாற்றம், சஸ்பென்ஷன் சத்தங்கள்.

*செப்டம்பர்:* வடகிழக்குப் பருவமழைக்கு முன் வைப்பர், விளக்குகள், கதவு ரப்பர் பீடிங், வடிகால் துளைகள், அடிப்பக்கத் துரு.

*மாதந்தோறும் பத்து நிமிடம்:* ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவுகள், ஸ்டெப்னியோடு ஐந்து டயரிலும் காற்று.

டேஷ்போர்டு டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பார்ட், தொகை: ஐந்து பத்தி போதும். டிசம்பர் கடைசியில் தொகைகளைக் கூட்டுங்கள். கூட்டல் 45,000-ஐ ஒட்டி இருந்தால் திட்டம் சரியாகப் போகிறது. ஓராண்டு எண்பதாயிரம் வந்தாலும் பதறாதீர்கள். கிளட்சும் டயரும் ஒரே ஆண்டில் வந்திருக்கும், அடுத்த ஆண்டு இறங்கும். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு 1.2 லட்சத்தைத் தாண்டினால், புதுக் காரின் செலவையே பழைய காருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அன்றைக்கு ஷோரூமுக்குப் போகலாம். அதுவரை மாதம் 4,000 ரூபாய் அந்தக் கணக்கில் விழட்டும். செலவானது போக நிற்பது புதுக் காரின் முன்பணத்துக்கு ஆகும்.